புதுப்பிப்பு: பூஞ்சணம் பிடித்த அலுமாரி இப்போது எப்படி இருக்கிறது
மார்கழி மழையில் படுக்கையறை அலுமாரி பூஞ்சணம் மணக்கிறது, கதவைத் திறந்தால் உடுப்புச் சரிந்து விழுகிறது என்று எழுதியிருந்தேன். இப்போது பங்குனி. நிலைமை நன்றாக மாறிவிட்டது.

முதலில் அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தேன். பின்பலகை முழுக்க வெள்ளையாகப் படர்ந்திருந்தது. மழையில் ஊறிய சுவரின் ஈரம்தான் காரணம். துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். திருகோணமலைக் கடற்காற்றே ஈரம். காற்றுப் போக இடம் விடாமல் எவ்வளவு அழகாக அடுக்கியும் பயனில்லை.

அம்மாவின் கூறைச்சேலையை விரித்தபோது மடிப்புக் கோட்டில் சரிகை கறுத்திருந்தது. பூச்சி உருண்டை அதன் மேலேயே கிடந்தது. மனம் தாங்கவில்லை. இப்போது அதைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். உருண்டை இல்லை, தட்டின் ஓரத்தில் காய்ந்த வேப்பிலை மட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுகிறேன்.

சேட்டுகளைச் சுருக்கி மடித்து, புத்தகம் போல நிமிர்த்தி அடுக்கச் சொன்ன அக்காவுக்கு நன்றி. மகன் ஒன்றை உருவினாலும் மற்றவை அசைவதில்லை.

சரி, மேல்தட்டுப் போர்வைகள் இன்னும் மிச்சம். சனிக்கிழமை வெயில் எறித்தால் அவையும் முற்றத்துக்கு வரும்.