பைபாஸ் முடிந்து 3 வருடம். ரத்தத்தில் கால்சியம் நார்மல், கை மட்டும் ஏன் ஒடிந்தது?

பாம்பன் கருவாட்டுக்காரி:

எனக்கு 47 வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பைபாஸ் செய்துகொண்டேன். இதயத்துக்கு இல்லை, எடை குறைக்கிற இரைப்பை பைபாஸ். அப்போது 112 கிலோ, இப்போது 70. சுகர் மாத்திரை நின்றுவிட்டது, கூடையோடு மூச்சு வாங்காமல் படி ஏறுகிறேன். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

போன மாதம் களத்தில் நெத்திலியைப் புரட்டிப் போட்டுவிட்டு எழுந்தேன், ஈரத் தார்ப்பாயில் கால் வழுக்கியது. விழுந்தேன் என்று சொல்லவே வெட்கம், உட்கார்ந்த மாதிரிதான். இடது கையை ஊன்றினேன், மணிக்கட்டில் சட்டென்று ஒரு சத்தம். கூடவே விழுந்த கூடையில் ஓர் ஓலைகூட விலகவில்லை.

மாவுக்கட்டு போட்டவர் ரத்தம் பார்த்தார். கால்சியம் 9.0. "நார்மல்தானேம்மா, வயசாகுதுல்ல" என்று வாரம் ஒரு முறை போடும் எலும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இன்னும் தொடங்கவில்லை. வலிக்கு மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபினாக்தான் போடுகிறேன். மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம். ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது.

நான் மாத்திரை தவற விடுகிறவள் இல்லை. காலையில் தைராய்டு, வாயு மாத்திரை, இரும்பு, கால்சியம் எல்லாம் டீயோடு ஒரே விழுங்கு. வெயிலிலேயே கிடக்கிற எனக்கு வைட்டமின் டி குறையுமா? கால்சியம் நார்மல் என்றால் எலும்பு ஏன் ஒடிகிறது?

தொண்டிக்காரன்:

அக்கா, ஆட்டுக்கால் சூப் ஒரு மண்டலம் குடியுங்கள். எலும்புக்கு எலும்புதான் மருந்து. எங்கம்மா அதில்தான் தேறினார்.

மண்டபம் நர்ஸ்:

தங்கச்சி, நான் பாலத்துக்கு இந்தப் பக்கம். வேலையில் ஓய்வு பெற்றவள், ஆறு வருடத்துக்கு முன்னால் இதே ஆபரேஷன் செய்துகொண்டவள்.

முதலில் டைக்ளோஃபினாக்கை நிறுத்து. பைபாஸில் இரைப்பையும் குடலும் சேர்த்துத் தைத்த இடத்தில் அது புண் வைக்கும். வலிக்கு பாராசிட்டமால் போதும். அந்த வார மாத்திரையும் உணவுக்குழாயை, தையல் இடத்தை அரிக்கக்கூடியது. உனக்கு ஆபரேஷன் செய்தவரைக் கேட்காமல் தொடாதே.

இனி உன் கேள்வி. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயம், நரம்பு எல்லாம் தடுமாறும். அதனால் உடம்பு அதைக் குறைய விடாது. சாப்பாட்டில் வரவில்லையா, எலும்பில் இருந்து எடுத்துவிடும். வீட்டில் உலை நிற்கக்கூடாது என்று நகையை ஒவ்வொன்றாக அடகுக்கு அனுப்புகிற கதைதான். தெருவில் போகிறவனுக்கு அடுப்பு எரிவது தெரியும், பீரோ காலி என்பது தெரியாது. உன் 9.0 அந்த அடுப்பு. பீரோவைத் திறந்து பார்க்க பிடிஎச் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, பாராதைராய்டு ஹார்மோன். எலும்பில் இருந்து கால்சியத்தை எடுக்கச் சொல்வது அதுதான். அதையும், குடல் கால்சியத்தை இழுக்க உதவுகிற வைட்டமின் டி அளவையும் சேர்த்துப் பார்.

கால்சியத்தை நன்றாக இழுப்பது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. பைபாஸ் செய்தவர்களுக்குச் சாப்பாடு அந்த வழியாகப் போவதே இல்லை. உன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார், கால்சியம் கார்பனேட் என்று இருக்கும். அது கரைய அமிலம் வேண்டும். உனக்கு இரைப்பை முட்டை அளவுதான், மிச்ச அமிலத்தையும் வாயு மாத்திரை அடக்கி வைத்திருக்கிறது. எங்களுக்கு கால்சியம் சிட்ரேட்தான் சரி, அதற்கு அமிலம் தேவையில்லை. சாப்பாடும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம். ஒரு வேளைக்கு 500, 600க்கு மேல் உடம்பு ஏற்காது, பிரித்துப் போடு.

டீயோடு ஒரே விழுங்கு என்கிறாயே, அங்கே எல்லாம் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு கிடக்கும்! தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு தனியாக. கால்சியம் அதற்கு 4 மணி நேரம் கழித்து. இரும்புக்கும் கால்சியத்துக்கும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி, இரும்பு பக்கம் டீயே வேண்டாம்.

அப்புறம் ஹார்மோன். மாதவிடாய் நிற்கும்போது சினைப்பை ஈஸ்ட்ரோஜனைக் கைவிட்டுவிடும். அதன் பிறகு பெரும்பாலும் உடம்புக் கொழுப்பில்தான் அது கொஞ்சம் உருவாகும். எலும்பைக் காக்கிற ஹார்மோன் அது. உனக்கோ கொழுப்பும் கரைந்தது, மாதவிடாயும் நின்றது. இத்தனை வருடம் 112 கிலோவைச் சுமந்து பழகிய எலும்புக்கு வேலையும் குறைந்துவிட்டது. இதை ஆபரேஷனுக்கு முன்பே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் யாரும் சொல்லவில்லை.

தொண்டித் தம்பி, எலும்பில் உள்ள கால்சியம் சூப்புத் தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. முள்ளோடு மென்று தின்கிற நெத்திலி, சூடையில் இருக்கிறது. காயவைக்காத மீனாகச் சமைத்துத் தின்னுங்கள். கருவாட்டு உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடப் போகும். கருவாட்டுக்காரியிடம் சொல்கிறேன், கோபிக்காதே.

கீழக்கரை மருமகள்:

ராத்தா, எனக்கு 31 வயது, இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குகிற ஸ்லீவ் செய்தேன். என் டி அளவு 9. புர்காவுக்குள் இருக்கிறவள், எனக்குக் குறைந்தது ஆச்சரியமில்லை. நீங்களும் தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை சேலைதானே? வெயில் உங்கள் கருவாட்டுக்குத்தான் படுகிறது. குண்டாக இருக்கும்போதே டி கொழுப்பில் போய் ஒதுங்கிவிடும், ஆபரேஷனுக்கு முன்பே பலருக்குக் குறைவு என்றார் என் டாக்டர்.

இளவயதுக்காரர்கள் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீர்க்கட்டியால் வருடக் கணக்கில் வராத மாதவிடாய் எனக்கு நாலாம் மாதமே வந்துவிட்டது. சந்தோஷப்பட்டு அசட்டையாக இருந்துவிடாதீர்கள். 12 முதல் 18 மாதம் வரை குழந்தை தங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பைபாஸ் செய்தவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், அதுவும் சரியாக உறிஞ்சாமல் போகலாம்.

பாம்பன் கருவாட்டுக்காரி:

அக்கா, பீரோ காலிதான். பிடிஎச் 124, பேப்பரில் 65க்குள் இருக்கணும் என்று போட்டிருக்கிறது. டி 13. அட்டையில் கார்பனேட்தான், மூன்று வருடமாக. மதுரையில் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கிற டெக்ஸா ஸ்கேனும் எடுத்தேன், இடுப்பில் மைனஸ் 2.6, எலும்புத் தேய்வு என்கிற அளவு. ஊர் முகாமில் குதிகாலை வைத்துப் பார்க்கிற மெஷினில் போன வருடம் "நல்லா இருக்கு" என்று சீட்டு கொடுத்தார்கள், அதைக் கிழித்துப் போட்டேன்.

இந்த முறை பெரிய டாக்டரம்மா அரை மணி நேரம் பேசினார். முதலில் டி நிரம்ப வேண்டுமாம், 60,000 யூனிட் வாரம் ஒன்று. டி குறைவாக இருக்கும்போது எலும்பு ஊசி போட்டால் ரத்தத்தில் கால்சியம் சரசரவென்று இறங்கிவிடுமாம். அதனால் மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்து, அப்புறம்தான் வருடத்துக்கு ஒரு முறை டிரிப்பில் ஏற்றுகிற ஊசி. வியர்வைக்கும் மாதவிடாய்க்கும் மகளிர் டாக்டரிடம் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது போனில் அஞ்சு அலாரம். நாலு மணிக்கு அடித்தால் களத்தில் உள்ள பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "யக்கா, சுண்ணாம்பு நேரம்!" என்று கத்துகின்றன.