அப்பாவின் பழைய டிவிடிகள்: குறை டிஸ்கிலா, டிவியிலா?

ஐயாற்றுப் பையன்:

வணக்கம். அப்பாவிடம் நாற்பது பழைய படங்களின் டிவிடி இருக்கிறது. எல்லாம் 2004இலிருந்து 2010க்குள் தஞ்சாவூரில் வாங்கியவை, சில இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கின்றன. போன மாதம் 55 இன்ச் 4கே டிவி வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிடித்த 'தில்லானா மோகனாம்பாள்' போட்டேன். முகமெல்லாம் மெழுகு தடவினாற்போல இருக்கிறது, யாராவது நடந்தால் ஓரத்தில் கோடு கோடாகச் சீப்புப் பல் மாதிரி தெரிகிறது, எல்லோரும் கொஞ்சம் குண்டாக வேறு இருக்கிறார்கள். பழைய 21 இன்ச் குண்டு டிவியில் இதே டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது.

நான் படத்தைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, அப்பாவுக்கு வேறு பிரச்சினை. "படம் கிடக்கட்டும், நாயனம் சுருதி ஏறியிருக்குடா" என்றார். அவர் சின்ன வயதில் நாலு வருடம் நாதஸ்வரம் கற்றுக்கொண்டவர். சுருதிப்பெட்டியை எடுத்துவந்து டிவி பக்கத்தில் வைத்துத் திருகித் திருகிப் பார்த்தார். அரைக் கட்டைக்குக் (கட்டை என்பது சுருதியின் அளவு) கொஞ்சம் கம்மியாக ஏறியிருக்கிறதாம். ஒரு டிஸ்கில் எப்படிச் சுருதி ஏறும்? வயதாகிவிட்டதால் காது அப்படிக் கேட்கிறதோ என்று நினைத்தேன் (அவரிடம் சொல்லவில்லை).

அட்டையில் 'டிஜிட்டல் ரீமாஸ்டர்', '5.1' என்றெல்லாம் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. குறை டிஸ்கிலா டிவியிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மீதி முப்பத்தொன்பதையும் வைத்துக்கொள்ளலாமா, பழைய பேப்பர்காரரிடம் போடலாமா?

பிக்சல் பாண்டி:

போட்டுவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். பிளேயரிலிருந்து டிவிக்கு எந்த கேபிள் போகிறது? மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ளதென்றால் பாதிக் குற்றவாளி அதுதான். அந்த மஞ்சள் ஒயரில் நிறமும் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து போகிறது, டிவி அதை மறுபடி பிரித்தெடுக்க வேண்டும், இந்தக் காலத்து டிவிகள் அந்த வேலையை ஏனோதானோ என்றுதான் செய்கின்றன. பிளேயரில் எச்டிஎம்ஐ இருந்தால் அதற்கு மாறுங்கள், இல்லையென்றால் லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது கணக்கு. பால் (PAL, நம் ஊர் டிவி முறை) டிவிடியில் ஒரு படச்சட்டம் 720க்கு 576 புள்ளி, அதாவது நாலு லட்சத்துச் சொச்சம். உங்கள் டிவியில் 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். டிஸ்க் கொடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் டிவி பத்தொன்பது புள்ளியைத் தானாக ஊகித்துப் போடுகிறது. குண்டு டிவி எதையும் ஊகிக்கவில்லை, உள்ளதை மங்கலாகக் காட்டி அழகாக ஏமாற்றியது. அதனால் முதலில் டிவி செட்டிங்கில் போய் ஷார்ப்னஸை அடியோடு இறக்குங்கள், நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சினிமா மோடில் வையுங்கள். தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டது மாதிரி தெரிகிறதா? ஷார்ப்னஸை இறக்கினதும் போய்விட்டால் அது டிவி வேலை, அப்புறமும் இருந்தால் டிஸ்க் செய்தவர்களே கூர்மையாக்குகிறேன் என்று போட்ட கோடு. அதை நீங்கள் எடுக்க முடியாது.

குண்டாகத் தெரிவதற்குக் காரணம் எளிது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. உங்கள் படம் 1968. ஆக அது ஏறக்குறைய சதுரமான படம், 4:3இல் வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரத்தான் வேண்டும். பட்டையே இல்லாமல் திரை முழுக்க நிறைந்தால் ஒன்று இழுத்திருக்கிறார்கள், இல்லை மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். நாட்டியப் படத்தில் கீழே வெட்டினால் என்ன போகும் என்று உங்களுக்கே தெரியும், பாதம்.

நறுக்:

நாற்பது ரூபாய் டிஸ்க்குக்கு இவ்வளவு ஆராய்ச்சியா. யூடியூபில் 1080இல் கிடக்கிறது, போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

மோனோ மாமா:

நறுக், 1080 என்பது டப்பாவின் அளவு, உள்ளே இருக்கும் சோற்றின் அளவு இல்லை. அதே பழைய டேப்பைப் பெரிதாக்கி ஏற்றியிருந்தால் அங்கேயும் அதே மெழுகு முகம்தான். புடவை ஜரிகையைப் பாருங்கள், இழை இழையாகத் தெரிகிறதா இல்லை மஞ்சள் பட்டையாகத் தெரிகிறதா. அதற்குமேல் சோதனை வேண்டாம்.

பையன், உங்கள் அப்பா காது சரி. அவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

சினிமா நொடிக்கு 24 சட்டம் ஓடும். நம் ஊர் பால் டிவிக்கு நொடிக்கு 25 வேண்டும். எளிய வழி என்ன? 24ஐ அப்படியே 25 வேகத்தில் ஓட்டிவிடுவது. நாலு சதவீதம் வேகம் கூடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஒலியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் அதுவும் நாலு சதவீதம் ஏறும். ஒரு அரைக் கட்டையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. அப்பா சொன்னதும் அதேதான், சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு இவ்வளவு துல்லியமாகச் சொன்னாரே, அசந்துவிட்டேன். வசனத்தில் இது தெரியவே தெரியாது, குரல் கொஞ்சம் இளமையாக இருக்கும், அவ்வளவுதான். படத்துக்கு நாயனம் வாசித்த சேதுராமன், பொன்னுசாமி வாசிப்பில் தெரியாமல் இருக்குமா?

சந்தேகம் இருந்தால் 'நலந்தானா' பாட்டை ஆடியோ சிடியில் ஒரு நிமிடம் ஓடவிட்டு அதே பகுதி டிவிடியில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். 60 நொடி 57.6 ஆக வந்தால் கதை முடிந்தது. கேசட்டோடு ஒப்பிட வேண்டாம், பழைய டெக்கில் பெல்ட் தளர்ந்திருந்தால் அதுவே பொய் சொல்லும். சினிமாவில் இருப்பதும் ரெக்கார்டில் இருப்பதும் ஒரே பதிவுதானா என்றும் ஒரு தரம் காதால் உறுதி செய்துகொள்ளுங்கள், சில படங்களில் இரண்டும் வேறு வேறு.

அப்புறம் அந்த 5.1. இந்தப் படம் எடுத்தபோது இருந்தது ஒற்றைத் தடம், பிலிம் ஓரத்தில் ஓடும் ஒளிக்கோடு. அதிலிருந்து ஆறு தடம் எங்கிருந்து வரும்? ஒன்று, அதே ஒலிக்குக் கிணற்று எதிரொலி சேர்த்துப் பின் ஸ்பீக்கருக்கு அனுப்பியிருப்பார்கள். இல்லையென்றால் பின்னணி இசையைப் புதிதாக வாசித்து ஒட்டியிருப்பார்கள். நான் எந்தப் பழைய டிஸ்க் வந்தாலும் மெனுவில் இரண்டு தடத்து ஒலியைத் தேடிப்பிடித்து, ஹெட்போன் மாட்டி, குரல் சரியாக நடு மண்டையில் கேட்கிறதா என்று பார்ப்பேன். ஒரு பக்கம் சாய்ந்தால், சுழன்றால், யாரோ கைவைத்திருக்கிறார்கள். லேசாக 'ஸ்ஸ்' என்று இரைச்சல் இருந்தால் சந்தோஷப்படுவேன். இரைச்சலை வழித்தெடுக்கும்போது அதோடு ஜால்ராவின் இழுப்பும் போய்விடும், தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் அந்தச் 'சடார்' மழுங்கி மரப்பலகையில் தட்டினாற்போல ஆகிவிடும். இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம், பலகையைப் பொறுக்க முடியாது.

பிக்சல் பாண்டி:

மாமா, ஒரு கேள்வி. நம்மூர் டிவிடிகளில் பாதி வெளிநாட்டுக்காக என்டிஎஸ்சியில் (NTSC, அமெரிக்கா பக்கத்து டிவி முறை) வந்தவை ஆயிற்றே? அதில் 24ஐ வேகப்படுத்தத் தேவையில்லை. பையன், அட்டையின் பின்பக்கம் என்ன போட்டிருக்கிறது?

மோனோ மாமா:

அட்டை என்டிஎஸ்சி என்று சொல்லலாம், ஆனால் கைவசம் இருந்தது டிவிக்காக முன்பே எடுத்த பால் டேப்பாக இருந்தால்? அதையே மாற்றி அச்சடித்துவிடுவார்கள். அப்போது வேகமும் ஏறியிருக்கும், படமும் குழம்பியிருக்கும். வேகமாகக் கை அசையும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள், ஒரு சட்டத்தில் இரண்டு பிம்பம் பேய் மாதிரி கலந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

பழைய ஆபரேட்டர்:

தம்பிகள் எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு சொல்கிறீர்கள், நான் பிலிம் கணக்கு சொல்கிறேன். 1979இலிருந்து இருபத்தொன்பது வருஷம் ஆபரேட்டர் ரூமில் இருந்தவன், முதலில் கார்பன் குச்சி, அப்புறம் செனான் விளக்கு.

படம் ஆரம்பிக்கும் முன்னால் சென்சார் சான்றிதழ் வரும் இல்லையா, அதை எல்லோரும் ஓட்டிவிடுகிறீர்கள். அதில் நீளம் போட்டிருக்கும். மீட்டரில் இருந்தால் 27.4ஆல் வகுங்கள், ரொம்பப் பழசாகி அடிக்கணக்கில் இருந்தால் 90ஆல் வகுங்கள், அதுதான் படம் ஓட வேண்டிய நிமிடம். 4,600 மீட்டர் என்றால் 168 நிமிடம். டிஸ்கில் 161 என்று காட்டினால் மாமா சொன்ன வேகக் கணக்கு, வெட்டவில்லை. 145 என்று காட்டினால் வெட்டியிருக்கிறான், பெரும்பாலும் பாட்டில் ஒரு சரணம், காமெடியில் ஒரு துண்டு போயிருக்கும். படம் பளிச்சென்று இருந்து என்ன பிரயோஜனம், முழுசாக இல்லாவிட்டால்?

இன்னொன்று. திரையின் வலது மேல் மூலையில் சட்டென்று ஒரு புள்ளி மின்னி, ஏழெட்டு நொடி கழித்து மறுபடி மின்னுகிறதா? அது எங்களுக்கு, அடுத்த புரொஜக்டரைத் தொடங்கு, மாற்று என்று சொல்லும் அடையாளம். சில ஆபரேட்டர்கள் அது போதாதென்று ஆணியால் தாங்களே கீறி வைப்பார்கள் (நானும் செய்திருக்கிறேன், மன்னிக்கவும்). டிஸ்கில் அந்தப் புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் நெகட்டிவிலிருந்து எடுத்ததில்லை, தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்தது. எத்தனை 'ரீமாஸ்டர்' போட்டாலும் அதற்குமேல் தேறாது.

நிறத்தை வைத்து டிஸ்க்காரரைத் திட்டும் முன் யோசியுங்கள். அந்தக் காலத்து ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட் பெட்டியில் சும்மா இருந்தாலே நீலமும் பச்சையும் வடிந்து, எல்லாம் ரோஸ் கலராகிவிடும். 70களின் கலர் படம் ஒன்றை இருபது வருஷம் கழித்துப் பெட்டியைத் திறந்து ஓட்டினேன், வயல்வெளி முழுக்கச் செங்கல் நிறம். ஆனால் அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம் கும்மென்று இருந்தது. அதில் இருப்பது வெள்ளி, சாயமில்லை. அதனால் உங்கள் நாற்பதில் கறுப்பு வெள்ளை எதெல்லாம் இருக்கிறதோ அதை முதலில் போட்டுப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

கோடு, மழை எல்லாம் எனக்குக் குறையே இல்லை. ஒரு கீறல்கூட இல்லாத பழைய படம் வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். தூசியைத் துடைக்கும் மென்பொருளுக்குத் தூசி எது, மூக்குத்தி எது என்று தெரியாது. நடிகை தலை திருப்பும்போது வைரம் ஒரு கணம் மினுக்கும் பாருங்கள், அதையும் துடைத்துவிடும். மூக்குத்தி மினுக்குகிறதா என்று பார், மினுக்கினால் நல்ல டிஸ்க். என் பரீட்சை இதுதான்.

நறுக்:

சரி, மூக்குத்தி பார்க்க யூடியூபுக்குப் போனேன். மினுக்கவில்லை. வாபஸ்.

ஐயாற்றுப் பையன்:

எல்லோருக்கும் நன்றி, நேற்று இரவு முழுக்க இதே வேலை.

கேபிள் மஞ்சள்தான். எச்டிஎம்ஐ மாற்றி, பாண்டி சொன்னதையெல்லாம் அணைத்து, 4:3இல் வைத்தேன். மெழுகு பாதி போய்விட்டது, புருவத்தில் முடி தெரிகிறது. பாதி போகவில்லை, அது டிஸ்க்கின் பங்கு என்று எடுத்துக்கொள்கிறேன். தலையைச் சுற்றி வெள்ளைக் கோடும் அப்படியே இருக்கிறது. பாதம் தெரிகிறது, வெட்டவில்லை.

அட்டையில் என்டிஎஸ்சி என்றுதான் போட்டிருக்கிறது. மாமா சொன்னபடி நாட்டியத்தின் நடுவில் நிறுத்தினேன். பத்மினிக்கு நாலு கை. அடுத்த சட்டத்தில் இரண்டு, அதற்கடுத்து மறுபடி நாலு. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து "யாருடா அது, அம்மன் படமா" என்றார்.

பாட்டையும் கணக்குப் பார்த்தேன், பதிவு ஒன்றுதான் என்று அப்பா காதால் சான்று கொடுத்தார். சிடியில் 60 நொடி, டிவிடியில் மூன்று முறை அளந்தும் 57க்கும் 58க்கும் நடுவில்தான். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. "காது கேக்கலைன்னு நெனச்சியா" என்று கேட்டார், ஆக தெரிந்தே இருந்திருக்கிறார்.

ஆபரேட்டர் ஐயா, சான்றிதழ் இரண்டு நொடி வருகிறது, ஆனால் நீளம் போட்ட இடம் மசமசவென்று இருக்கிறது. 4க்கு அப்புறம் வருவது 3ஆ 8ஆ என்று மூன்று பேர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சண்டை போட்டோம்.

மாமா, இந்தச் சுருதியை இறக்க வழி உண்டா?

மோனோ மாமா:

உண்டு. லேப்டாப்பில் விஎல்சியில் போடுங்கள், வேகத்தை 0.96 ஆக்குங்கள், 24ஐ 25ஆல் வகுத்தது. ஆனால் வெறுமனே வேகத்தைக் குறைத்தால் விஎல்சி சுருதி மாறாமல் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆடியோ அமைப்பில் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். நாலு கை இரண்டாகாது, நாயனம் இறங்கும்.

ஐயாற்றுப் பையன்:

இறங்கிவிட்டது. அப்பா சுருதிப்பெட்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தார். மீதி டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கப் போகிறாராம், பழைய பேப்பர்காரர் பேச்சே எடுக்கக் கூடாது என்று உத்தரவு. இதே படத்தின் நல்ல பிரதி யாரிடமாவது இருந்தால் சான்றிதழில் அந்த எண் 3ஆ 8ஆ என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், வீட்டில் பந்தயம் ஓடுகிறது.