காவல் நிலையத்துக்குக் கேமரா நன்கொடை குறித்து

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

நம் ஊரில் சீட்டாட்டத்தையும் கள்ளச் சாராயத்தையும் ஒழிக்க அங்குள்ள காவல் நிலையத்துக்குக் கேமரா வாங்கித் தர வேண்டும் என்று பொருளாளர் அண்ணன் பணம் கேட்டிருக்கிறார். நான் வசிக்கும் ஜார்ஜியா மாநிலக் கொலம்பஸுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் அலபாமாவின் பீனிக்ஸ் சிட்டியின் வரலாற்றை அறிந்தவன் என்பதால், இதற்கு நான் உடன்பட முடியவில்லை.

அருகிலிருந்த ஃபோர்ட் பென்னிங் இராணுவப் படைமுகாமின் சிப்பாய்கள் வாங்கும் சம்பளத்தை நம்பி அந்நகரில் சூதாட்ட விடுதிகளும் விபசாரமும் பகிரங்கமாக நடந்தன. 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் கடனில் மூழ்கிய நகராட்சி, அத்தொழில்களிடம் பெற்ற உரிமக் கட்டணத்தையும் அபராதத்தையும் கொண்டே தலைநிமிர்ந்தது. எப்போதும் கணக்கு கேட்கும் சித்தப்பா இதைக் கவனிக்க வேண்டும்: அபராதமே அங்கே தொழில் நடத்தக் கட்டும் வாடகையாகிவிட்டது.

இத்தொழில்களை நடத்திய கும்பலை ஒழிப்பதாகச் சொல்லி மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகத் தேர்வான ஆல்பர்ட் பேட்டர்சன், 1954 ஜூன் 18 இரவு தம் அலுவலகத்துக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். மாநிலத்தின் துணை இராணுவமான நேஷனல் கார்டு படை உடனே வந்திறங்கியும், அதிகாரம் உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரீப்பிடமே இருந்ததால் ஒரு மாதம் வரை பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஜூலை 22 அன்று ஆளுநர் கோர்டன் பெர்சன்ஸ் இராணுவ ஆட்சியை அறிவித்து, உள்ளூர்க் காவலர்களின் ஆயுதங்களைப் பறித்து, ஜெனரல் வால்டர் ஹன்னாவிடம் பொறுப்பைக் கொடுத்த பிறகுதான் விடுதிகள் மூடின. வெளியூரிலிருந்து நீதிபதி வால்டர் ஜோன்ஸ் வந்தார். வழக்குகளைத் தீர்மானிக்கும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்குரிய பழைய பெயர்ப் பட்டியல் கைவிடப்பட்டது. 700க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் பதிவாயின. பேட்டர்சனைக் கொன்ற குற்றத்துக்காக 1955இல் ஆயுள் தண்டனை பெற்ற ஆல்பர்ட் ஃபுல்லர், கொலை நடந்தபோது ஷெரீப்பின் தலைமைத் துணை அதிகாரியாக இருந்தவர்.

ஊர் மானம் போய்விடும் என்று கலங்கி எழுதிய அத்தைக்கும் ஒரு வார்த்தை. அந்த நகரத்து வணிகர் ஹியூ பென்ட்லியின் வீடு 1952இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் பிறகும் அவர் ஊரின் குற்றங்களை வெளியே சொல்வதை நிறுத்தவில்லை.

பொங்கலுக்கு நம் ஊருக்குப் போயிருந்த என் தங்கை, சீட்டுக் கொட்டகை வாசலில் காவல் வாகனம் வெகுநேரம் நின்றதைக் கண்டிருக்கிறாள். அப்படியிருக்க, அதே கைகளில் கேமராவைக் கொடுத்து என்ன பயன்? வெளி மாவட்ட அதிகாரிகளைக் கொண்டு விசாரிக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்வதானால், வழக்கறிஞர் கட்டணத்தில் என் பங்கை இன்றே அனுப்பி வைக்கிறேன்.