ஏபிஏ விட்டாலும் விடாவிட்டாலும் இலைத்துளை ஒரே அளவு: எங்கே தப்பு?

பசுந்துளிர் (பெங்களூரு):
கானாவாழை இலையின் கீழ்ப்புறத் தோலை உரித்து, 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு கலந்த பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல், பி.எச். 6.15), துளை திறப்பதற்காக இரண்டரை மணி நேரம் விளக்கு வெளிச்சத்தில் மிதக்கவிட்டேன். பிறகு பாதித் தட்டுகளில் 10 மைக்ரோமோலார் அப்சிசிக் அமிலம் (ஏபிஏ, இலைத்துளையை மூட வைக்கும் தாவர ஹார்மோன்). இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் எல்லாத் தட்டிலும் துளை அகலம் 2, 3 மைக்ரோமீட்டர்தான். ஏபிஏ கெட்டுவிட்டதா?

வேர்நுனி:
முதலில் ஏபிஏ விடாத தட்டைப் பாருங்கள். அங்கேயே துளை திறக்கவில்லையே! பஃபரை எந்தத் தண்ணீரில் கரைத்தீர்கள்? நம் ஊர் போர்வெல் தண்ணீர் கொதித்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதில் உள்ள கால்சியம் ஒன்றே துளையைத் திறக்க விடாது. காய்ச்சி வடித்த நீர் அவசியம். முந்தின நாள் நன்றாக நீர் ஊற்றிய செடியில் காலையில் இலை பறியுங்கள். வெயிலில் வாடிய இலையில் ஏபிஏ ஏற்கெனவே ஏறியிருக்கும்.

பசுந்துளிர்:
போர்வெல் தண்ணீர்தான் சார். ஏபிஏவும் கால்சியமும் ஒரே வேலையா செய்கின்றன?

கருவேலன்:
ஒரே வழியில் வந்து சேர்கின்றன. ஏபிஏ தன் ஏற்பியில் உட்கார்ந்ததும், அந்த ஏற்பி பி.பி.2.சி. என்ற பாஸ்பட்டேசை (புரதங்களிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் நொதி) பிடித்து முடக்குகிறது. அதுவரை அது அடக்கி வைத்திருந்த ஓ.எஸ்.டி.1 கைனேஸ் (பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி) விடுபட்டு, செல் சவ்வில் உள்ள ஸ்லாக்1 என்ற அயனி வாயிலைத் திறக்கிறது. துளையின் இரு பக்கமும் உள்ள காப்புச் செல்லிலிருந்து குளோரைடும் மாலேட்டும் வெளியேறும். சவ்வின் மின்னழுத்தம் மாறுவதால் பொட்டாசியமும் பின்னாலேயே போகும், தண்ணீரும் போகும். விறைப்பு இழந்த இரு செல்களும் தொய்ந்து ஒட்டிக்கொள்ள, துளை மூடும். செல்லுக்குள் கால்சியம் ஏறினாலும் இதே ஸ்லாக்1 திறக்கும்.

வேர்நுனி:
ஏபிஏ கரைசலையும் சரிபாருங்கள். 2.64 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதில் 1 மைக்ரோலிட்டரை 1 மில்லிலிட்டர் பஃபரில் விட்டால் 10 மைக்ரோமோலார். ஏபிஏ இல்லாத தட்டிலும் அதே அளவு எத்தனால் விட வேண்டும், இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். புட்டியை அலுமினியத் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் செயலற்ற வடிவத்துக்கு மாறிவிடும்.

பசுந்துளிர்:
உரிக்கும்போது பச்சைத் திசுவும் சேர்ந்து வருகிறது. விடலாமா?

கருவேலன்:
கூடாது, மென்மையான தூரிகையால் தேய்த்து எடுத்துவிடுங்கள். அளக்கும் முன் ஒரு துண்டில் நியூட்ரல் ரெட் சாயம் விட்டுப் பாருங்கள். உயிருள்ள காப்புச் செல்லின் வாக்குவோல் (செல்லுக்குள் உள்ள நீர்ப்பை) சிவக்கும். சிவக்காதது உரிக்கும்போதே செத்தது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.