அப்பாவின் வேட்டியும் பனங்கட்டி ரொபியும்

*குழு: எங்கள் வீடு, ஸ்காபரோ, கனடா*
*ஒக்டோபர் 31*

பெரியக்கா, 5:21: பிள்ளைகள் ஹலோவீனுக்கு, வேசம் போட்டு வீடு வீடாய்ப் போய் ரொபி வாங்க, வெளிக்கிட்டு வாசலில் நிற்கிறார்கள். வெளியே இன்னும் வெளிச்சம். எங்கள் காலத்தில் இந்த நேரம் இருட்டிவிடுமே?

அண்ணா, 5:24: ஓம் அக்கா. அப்போது ஒக்டோபர் கடைசி ஞாயிறே நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்துவிடுவோம். 2007இல்தான் அது நவம்பருக்குப் போனது. அதுக்கு முதல் இந்த நாளில் 5:10க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டு எழும்பவே நல்ல இருட்டு.

நான், 5:26: எனக்கு அந்த வேட்டிதான் ஞாபகம். அப்பாவின் பழைய வேட்டியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. பச்சைக் கரை தெரியாமல் அம்மா உள்ளே மடித்து ஊசி குத்தினார். மேலே ஜாக்கெற்றைப் போடச் சொன்னதும் பேய் ஜாக்கெற் போடாது என்று அழுதேன்.

அம்மா, 5:31: நீ அழுதபடியால்தான் ஜாக்கெற்றை முதலில் போட்டு, வேட்டியை அதுக்கு மேலே சுற்றினேன். 1990, நாங்கள் வந்த முதல் வருசம். முகமூடியோடு யாரோ தட்டுகிறார்கள் என்று பயந்து கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் நின்றேன். எதிர்வீட்டு ஜமேக்கா அம்மாதான் வந்து விளங்கப்படுத்தினார். தன் சட்டியில் இருந்த ரொபியில் பாதியை என் மடியில் கொட்டிவிட்டுப் போனார். நல்ல மனுசி.

அண்ணா, 5:33: எலிவேற்றரில் மேல்மாடிக்குப் போய், படியால் ஒவ்வொரு மாடியாக இறங்குவோம். ரொபி வாங்கக் கையில் தலையணி உறை, கழுத்தில் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்குக் காசு சேர்க்கிற யுனிசெஃப் பெட்டி.

நான், 5:34: அந்தச் செம்மஞ்சள் மட்டைப் பெட்டி! நடக்க நடக்கச் சில்லறை கிலுங்கும்.

அண்ணா, 5:36: அடுத்த நாள் வகுப்பில் கொட்டி, ஒரு சதக் குற்றிகளை ஐம்பது ஐம்பதாகத் தாளில் சுற்றுவோம். பெட்டியை 2006இல் நிறுத்திவிட்டார்கள். ஒரு சதமும் 2012க்குப் பிறகு அடிக்கவில்லை.

அம்மா, 5:38: இலங்கையில், ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கும் போகும் என்று நானும் போட்டு விடுவேன். அப்போது அங்கே சண்டை.

பெரியக்கா, 5:40: அப்புறம் மெழுகுத் தாளில் சுற்றின அந்த மொலாசஸ் (கரும்புப்பாகு) ரொபி. தாளில் சூனியக்காரி படம் இருக்கும். ஒட்டிப் பிடித்து உரிக்கவே வராது, பல்லால் இழுக்க வேண்டும். எங்கள் ஒருவருக்கும் பிடிக்காது. எல்லாவற்றையும் பொறுக்கி அப்பாவிடம் கொடுப்போம்.

நான், 5:41: அடிப்பிடித்த பனங்கட்டி மாதிரி இருக்கு என்பார். இரவு வேலைக்குப் போக முதல் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு பிளேன்ரீ குடிப்பார். போத்தலில் போட்டு வைத்தால் மார்கழி வரைக்கும் வரும்.

அம்மா, 5:47: இன்றைக்குப் பிள்ளைகளுக்கு அது கிடைத்தால் எறிந்துவிடாதேங்கோ. இரண்டு கொண்டு வாங்கோ. அப்பாவின் படத்தடியில் வைக்க வேணும்.

பெரியக்கா, 7:52: அம்மா, ஐந்து கிடைத்திருக்கு. தாளில் இப்பவும் சூனியக்காரிதான். பிளேன்ரீ போட்டு வையுங்கோ, வாறோம்.