நாயன வித்வானுக்கு 80: வீதி ஊர்வலத்தில் மேளத்தையும் பேண்டையும் எப்படி அமைப்பது?

வீரசோழன்கரை (கேள்வி):

வணக்கம். குத்தாலத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவில் எங்கள் ஊர். சிவன் கோயிலில் ஆயுள் முழுக்க வாசித்த எங்கள் நாயன (நாகஸ்வர) வித்வானுக்கு 80 நிறைகிறது. சதாபிஷேகத்தை வீட்டார் பார்த்துக்கொள்கிறார்கள். அன்று மாலையே ஊர் சார்பில் நான்கு வீதியும் சுற்றி ஊர்வலம், முடிவில் கோயில் வாசலில் மரியாதை. பெரிய மேளம் (நாயனமும் தவிலும்) இரண்டு செட், பேண்டு ஒரு செட் என்று பேசி வைத்திருக்கிறோம். பாதை மொத்தம் 1,200 மீட்டர்.

மேளமும் பேண்டும் சேர்ந்து வாசிக்கலாமா? சாமி புறப்பாட்டில் வாசிக்கிற மல்லாரியோடு தொடங்கச் சொல்லலாமா? எத்தனை மணி நேரம் ஆகும்? அவரால் நடக்க முடியாது. குதிரை சாரட்டு ஒன்று கிடைக்கிறது, அமர்த்தலாமா? இத்தனை வருஷம் சாமிக்கு முன்னால் நடந்து வாசித்தவர். ஒரு நாளாவது ஊர் அவருக்கு முன்னால் வாசித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வலந்தலை:

தம்பி, முதலில் தேதியைப் பாருங்கள். காலையில் ஹோமம், கலச அபிஷேகம் எல்லாம் முடித்த 80 வயதுக்காரரை அன்று மாலையே இரண்டு மணி நேரம் வண்டியில் உட்கார வைக்க வேண்டாம். சதாபிஷேக நாளை மாற்ற முடியாது, ஊர்வலத்தை மாற்றலாம். அது முகூர்த்த நாளாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. நல்ல செட்டுகள் விடியற்காலையிலிருந்து கல்யாண மண்டபத்தில் வாசித்துக் களைத்துத்தான் மாலை வந்து சேருவார்கள். உதடு களைத்தால் மேல் ஸ்தாயி நிற்காது. முகூர்த்தம் இல்லாத நாளாக இரண்டு மூன்று நாள் தள்ளி வையுங்கள். அஷ்டமி, நவமியில் வைக்க வீட்டார் மனம் ஒப்பினால் யாரும் சுலபமாகக் கிடைப்பார்கள்.

ஒரு செட் என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதிப்பெட்டி, ஆறு பேர். நின்றும் நடந்தும் வாசிக்கிற கச்சேரிக்கு மூன்றாவதாக ஒரு ஸ்பெஷல் தவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறவருக்கு அரை மணிக்கு ஒருமுறையாவது ஓய்வு வேண்டும். ஓய்வு இல்லையென்றால் முதலில் தளர்வது தொப்பிப் பக்கத்துக் குச்சியடிதான். காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) ஓடத் தொடங்குவதும் அங்கிருந்துதான்.

இரண்டு செட்டையும் ஒரே நேரத்தில் ஊத விடாதீர்கள். கீழவீதியும் தெற்கு வீதியும் முதல் செட்டுக்கு, மேலவீதியும் வடக்கு வீதியும் இரண்டாவது செட்டுக்கு. வாசிக்காத செட் பின்னால் நடந்து வரட்டும். கோயில் வாசலில் மட்டும் இரண்டும் சேரலாம். அதற்கு இரண்டு செட்டும் ஒரே கட்டையில், அதாவது ஒரே ஆதார சுருதியில், இருக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் இரண்டு கட்டை அல்லது இரண்டரைக் கட்டை நாயனம்தான் வாசிக்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைச் சற்று ஏற்றி இறக்கிச் சின்னச் சுருதி வித்தியாசத்தைச் சரிக்கட்டலாம். அரைக் கட்டை வித்தியாசத்துக்கு அது போதாது, அதற்கு வேறு நாயனம்தான் எடுக்க வேண்டும்.

மல்லாரி வேண்டாம். கம்பீர நாட்டையில் சாகித்யம் இல்லாமல் வாசிக்கிற அந்த உருப்படி சாமி புறப்பாட்டுக்கு உரியது. தேர் மல்லாரி, தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி என்று ஒவ்வொன்றும் ஒரு கிரியையோடு கட்டுண்டது. உங்கள் வித்வானே மனிதருக்கு மல்லாரி வாசிக்க ஒப்பியிருக்க மாட்டார். அவர் வண்டி ஏறும்போது நாட்டையில் சின்ன ஆலாபனை, பிள்ளையார் கிருதி ஒன்று. வீதி திரும்பும்போது வர்ணம். ஒவ்வொரு முச்சந்தியிலும் நின்று ஒரு ராகத்தை விஸ்தாரமாக வாசிக்கட்டும். மாலை நேரம் ஆகையால் பூர்விகல்யாணி, கல்யாணி, இருட்டியதும் காம்போதி, தோடி. திருவாவடுதுறை உங்களுக்குப் பக்கத்து ஊர், டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு வளர்ந்த காதுகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன. வடக்கு வீதி முச்சந்தியில் தோடிக்கு 20 நிமிஷம் ஒதுக்குங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

சாரட்டு கூடாது. தவிலின் முத்தாய்ப்பான தீர்மானத்துக்கோ பேண்டின் பேஸ் டிரம்முக்கோ குதிரை மிரண்டால் கூட்டத்துக்குள் பிடித்து நிறுத்த முடியாது. ஜீப்பை இரண்டு மணி நேரம் ஆமை வேகத்தில் ஓட்டினால் கிளட்ச் தீய்ந்து நாறும், என்ஜினும் சூடேறும். கூரையைக் கழற்றிய பேட்டரி ஆட்டோ கிடைத்தால் அதுதான் நல்லது. புகை இல்லை, சத்தம் இல்லை, ஏறி இறங்கப் படி தாழ்வு. மேளம் முன்னால், வண்டி பின்னால். தவிலுக்கும் அவர் காதுக்கும் 10 மீட்டராவது இடைவெளி இருக்கட்டும்.

பித்தளைக்குழல்:

பேண்டு பற்றி. சேர்ந்து வாசிப்பது ஒரே ஒரு இடத்தில் போதும், அதுவும் ஒத்திகை பார்த்து. காரணம் சுருதி. டிரம்பெட், கிளாரினெட், யூபோனியம் மூன்றும் பெரும்பாலும் பி பிளாட் வாத்தியங்கள். நம் கணக்கில் ஆறரைக் கட்டை. ஆல்டோ சாக்ஸபோன் ஈ பிளாட், அதாவது இரண்டரைக் கட்டை. நாயனமும் இரண்டரை என்றால் சாக்ஸபோனுக்குத் தன் சொந்த ஷட்ஜமே (ஸ) கிடைத்துவிடும். டிரம்பெட்காரர் தன் சுத்த மத்யமத்தை ஷட்ஜமாக வைத்துக்கொள்வார், விரல் தடுமாறாது. நாயனம் இரண்டு கட்டை என்றால் அவர் அந்தர காந்தாரத்தை ஷட்ஜமாகப் பிடிக்க வேண்டும். விரல்பிடி முழுக்க மாறும், பழகாதவர் இரண்டாவது சங்கதியிலேயே நழுவுவார். ஆகவே இரண்டரைக் கட்டை செட்டாகப் பார்த்துப் பேசுங்கள்.

சுருதி சேர்ப்பதை மின்விசிறிக்கடியில் அறைக்குள் செய்யாதீர்கள். ஊதப்படும் எல்லா வாத்தியத்திலும் சூடேறச் சூடேறச் சுருதி மேலே போகும். வீதியில் பத்து நிமிஷம் வாசித்துச் சூடான பிறகு டியூனிங் குழாயை இழுத்துச் சரி பார்க்க வேண்டும். இருட்டிக் காற்று குளிர்ந்ததும் இன்னொருமுறை.

எண்ணிக்கை: டிரம்பெட் 3, கிளாரினெட் 2, சாக்ஸபோன் 1, யூபோனியம் 2, சைடு டிரம் 2, பேஸ் டிரம் 1, சிம்பல் 1. 12 பேர் தாராளம். டிரம் நாலைந்து வேண்டும் என்று கேட்கிற இளவட்டங்களுக்கு இணங்காதீர்கள். 15 அடி அகல வீதியில் இரண்டு பக்கச் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், கிளாரினெட் காணாமல் போய்விடும். செண்டை, நாசிக் டோல் சேர்க்கும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அவற்றுக்கு உரிய இடம் வேறு. நாயனக்காரரைக் கொண்டாடும் ஊர்வலத்தில் நாயனம் கேட்காமல் போகக்கூடாது.

என்ன வாசிப்பது? வால்வு அமுக்கி ஊதும் டிரம்பெட்டில் நம் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைப்பது) முழுசாக வராது. தோடி, பைரவி, ஆனந்தபைரவி எல்லாம் நாயனத்துக்கே இருக்கட்டும். ஹம்சத்வனி, மோகனம், கதனகுதூகலம் பேண்டில் கம்பீரமாக நிற்கும். அதைவிடப் பொருத்தம் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்கள். திருவாரூரில் பிறந்தவர் ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பாட்டு அமைத்தார். சங்கராபரண ஸ்வரங்களில் நேராகப் போகும் மெட்டுகள், பேண்டுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். பேண்டு நம் மண்ணுக்கு அந்நியம் என்று ஊரில் யாராவது சொன்னால், 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி தஞ்சாவூர் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வைத்திருந்ததைச் சொல்லுங்கள். கிளாரினெட் சதிர்க் கச்சேரிக்கு (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்) வந்ததும் 19ஆம் நூற்றாண்டில்தான்.

பெரும்பாலான செட்டுகள் காதால் கேட்டுத்தான் பாடம் செய்கிறார்கள். ஆகவே பாட்டுப் பட்டியலையும் ஒலிப்பதிவையும் மூன்று வாரம் முன்பே கொடுங்கள். ஊர்வலத்தில் பேண்டு எல்லோருக்கும் முன்னால், மேளத்திலிருந்து 50 மீட்டர் தள்ளிப் போகட்டும். மேளம் முச்சந்தியில் ராகம் தொடங்கியதும் பேண்டு நிறுத்தியாக வேண்டும். கொடி காட்ட ஒருவரை நடுவில் நிறுத்துங்கள். செல்போனில் சொன்னால் அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழாது.

வீரசோழன்கரை:

மிக்க நன்றி ஐயா, இருவருக்கும். சாரட்டை விட்டுவிடுகிறோம். நேரக் கணக்கும் போலீஸ் அனுமதியும் இன்னும் புரியவில்லை. சினிமாப் பாட்டு கேட்டு இளைஞர்கள் நச்சரிப்பார்கள், அதற்கு என்ன செய்வது?

நாலுவீதி:

நேரக் கணக்கு சுலபம். வாசித்துக்கொண்டு நடக்கும் கூட்டம் நிமிஷத்துக்கு 20 மீட்டர்தான் நகரும். 1,200 மீட்டருக்கு ஒரு மணி நேரம். நான்கு முச்சந்தியில் நிற்பது: மூன்றில் தலா 12 நிமிஷம், தோடிக்கு 20, ஆக மொத்தம் 56. இதுவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. வீட்டு வாசலில் ஆரத்தி, சால்வை என்று வண்டியை நிறுத்துவார்கள். அதற்குத் தனியாக அரை மணி வையுங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்குக் கோயில் வாசல், மரியாதை முடிய ஒன்பது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிதான் எல்லை என்பதால் இந்தக் கணக்கில் மூச்சுவிட இடம் இருக்கிறது. ஆரத்தியை வீட்டுக்கு வீடு எடுக்காமல் வீதிக்கு ஒரு இடம் என்று முன்கூட்டியே பேசிவிட்டால் நல்லது. இல்லையென்றால் அந்த அரை மணி ஒன்றரை மணி ஆகிவிடும்.

போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுக்கும்போது பாதையை வரைந்த தாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வண்டி எத்தனை, பொறுப்பாளர் இருவரின் கைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். 15 நாள் முன்பே கொடுங்கள். பாதை பஸ் போகும் சாலையைத் தொட்டால் அந்த இடத்தை மட்டும் தனியாகக் குறியுங்கள். பாதையில் ஆஸ்பத்திரி இருந்தால் அதற்கு 100 மீட்டர் முன்னும் பின்னும் வாசிக்காமல் நடக்க வேண்டும், அது அமைதி மண்டலம்.

மின்கம்பி விஷயத்தில் சமரசம் கிடையாது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கத்துக் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். வண்டி அலங்காரம் தரையிலிருந்து பத்து அடிக்கு மேல் போகக்கூடாது. போன வருஷ அளவை நம்பாதீர்கள். சாலை புதிதாகப் போட்டிருந்தால் தரை உயர்ந்திருக்கும், கம்பி அதே இடத்தில்தான் இருக்கும். மின்வாரியத்துக்குக் கடிதம் கொடுத்து, லைன்மேனை அழைத்துக்கொண்டு பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். தாழ்ந்த கம்பியை மூங்கில் கழியால் தூக்கிவிடும் வழக்கம் பல ஊரில் இருக்கிறது. ஈர மூங்கிலில் மின்சாரம் பாயும். அந்த வேலையை யாரும் செய்யக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெடியும் வேண்டாம். புகையை மூச்சோடு இழுத்துக்கொண்டு யாரும் நாயனம் ஊத முடியாது. காகிதப்பூ தூவும் குழாயை வாத்தியத்தின் பக்கம் நீட்டினால் நாயனத்தின் அகன்ற வாயான அணசுக்குள்ளும் டிரம்பெட் வாய்க்குள்ளும் காகிதம் போய் அடைக்கும். பன்னீர் தெளிப்பவர்கள் தவிலுக்கு எட்டி நிற்கட்டும், தோல் நனைந்தால் நாதம் இறங்கிவிடும்.

சினிமாப் பாட்டுக்கு ஒரு வழி: வண்டி கிளம்புவதற்கு முன் 20 நிமிஷம் பேண்டு கோயில் திடலில் அவர்கள் கேட்பதை வாசிக்கட்டும். வித்வான் வண்டியில் ஏறிய பிறகு பட்டியலில் உள்ளது மட்டும்.

காவிரிமணல்:

மல்லாரி பற்றி வலந்தலை ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு உண்டு. இப்போது சபா மேடையிலேயே மல்லாரியோடு கச்சேரி தொடங்குகிறார்கள், பரதநாட்டியத்துக்கும் மல்லாரி வாசிக்கிறார்கள். கோயிலுக்கு வெளியே வந்துவிட்ட உருப்படியை, அதைக் கட்டிக் காத்தவருக்கே வாசிக்கக்கூடாது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வலந்தலை:

மேடையில் வாசிப்பது வேறு, அங்கே அதைக் கச்சேரி உருப்படியாகக் கேட்கிறார்கள். வீதியில் ஒரு வாகனத்துக்கு முன்னால் மல்லாரி கேட்டால் நம் ஊர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்புவார்கள். அந்த வணக்கம் சாமிக்கு உரியது. இருவர் மனசுக்கும் ஒத்த வழி ஒன்று சொல்கிறேன். ஊர்வலம் கோயில் வாசலை அடைந்ததும் வித்வானை வண்டியிலிருந்து இறக்கி, கோபுரத்தைப் பார்த்து நாற்காலியில் உட்கார வையுங்கள். தீபாராதனை நேரத்தில் இரண்டு செட்டும் சேர்ந்து சன்னிதியை நோக்கி மல்லாரி வாசிக்கட்டும். சாமிக்கு வாசித்ததாக இருக்கும், அவரும் கேட்பார். தவிலில் முதலில் வாசிக்கும் அலாரிப்பு முடிந்துதான் மல்லாரி தொடங்க வேண்டும், அதை வெட்டச் சொல்லாதீர்கள்.

காவிரிமணல்:

இதை ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. மூன்று காலமும் (மூன்று வேகத்திலும்) வாசிக்கச் சொல்லுங்கள்.

கொருக்கை:

கலைஞர்களைக் கவனிப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. வெற்றிலை பாக்கில் வைத்து அட்வான்ஸ் கொடுங்கள், மீதியை வாசித்து முடித்த அன்று இரவே கொடுத்துவிடுங்கள். நாலு மணிக்கு மேல் வயிறு நிறையச் சாப்பாடு போடாதீர்கள், மூச்சு பிடிக்காது. இட்லி இரண்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பனங்கற்கண்டுப் பால் போதும். விருந்து இரவு முடிந்த பிறகு. ஐஸ் போட்ட சோடா யாருக்கும் வேண்டாம். தவில்காரர்கள் விரலில் கூடு மாட்டிக்கொண்டு தோலை இழுத்துச் சரிசெய்ய அரை மணி வேண்டும், அதற்கு ஒரு திண்ணையும் வெளிச்சமும் கொடுங்கள். நாயனக்காரர்கள் சீவாளியை ஈரப்படுத்திப் பதம் பார்ப்பதும் அப்போதுதான்.

பொன்னாடையில் தகராறு வராமல் இருக்க வரிசையைத் தாளில் எழுதி மைக்காரரிடம் கொடுங்கள். முதலில் வித்வானுக்கு, பிறகு அவரோடு வருஷக்கணக்காக வாசித்த தவில்காரருக்கு, பிறகு வயதுப்படி இரண்டு செட்டுக்கும். தாளம் போட்டவரையும் சுருதிப்பெட்டிக்காரரையும் பேண்டுக்காரர்களையும் விட்டுவிடக்கூடாது. வீதியில் நாயனத்துக்கும் தவிலுக்கும் மைக் வேண்டாம். பேச்சுக்கு மட்டும் கோயில் வாசலில் இரண்டு பாக்ஸ் போதும்.

பணம் மிஞ்சினால் இரண்டாவது மேளச் செட்டைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதைச் செய்யுங்கள். நரசிங்கம்பேட்டை உங்களுக்கு எட்டுகிற தூரம்தான். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர் நாயனம் ஒன்றை வாங்கி, கற்றுக்கொள்ளும் ஒரு பிள்ளைக்கு வித்வான் கையால் மேடையில் கொடுக்கச் சொல்லுங்கள். நாயனம் செய்யும் ஆச்சா மரம் பழையதாக, நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். பழைய வீட்டு உத்திரத்திலும் தூணிலும் எடுத்த மரம் என்றால் நல்லது. அப்படிப்பட்ட மரம் கடையில் எப்போதும் இருக்காது, ஆகையால் சில மாதம் முன்பே சொல்லி வையுங்கள். சொல்லும்போது கட்டையையும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையின் குருநாதர் எந்தக் கட்டையில் வாசிக்கிறாரோ அதே கட்டை. சீவாளியைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். ஆறு ஏழு வாங்குங்கள், அவற்றில் இரண்டு மூன்றுதான் நல்ல பதத்துக்கு வரும்.