பழைய ஆங்கிலச் சொற்களுக்கு நாடகம்தான் வழியா?

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
மலேசியாவின் எஸ்பிஎம் தேர்வுக்கு ஆங்கில இலக்கியம் எடுக்கும் பிள்ளைகளிடம் பழைய சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. 'அனோன்' என்றால் உடனே, 'எர்' என்றால் முன்னர் என்று நாற்பது சொல். வெள்ளிக்கிழமை எழுதுவார்கள், திங்கட்கிழமை ஒன்றும் மிஞ்சாது. யார் யாரிடம் எந்தக் கோபத்தில் சொன்னது என்று தெரிந்தால்தான் சொல் மனதில் தங்கும். அதற்கு நாடகத்தைவிட நல்ல இடம் இல்லை, ஷேக்ஸ்பியரிலேயே தொடங்கலாம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் உண்டு. 'தௌ' என்பது நீ, 'யூ' என்பது நீங்கள். இன்றைய ஆங்கிலம் தொலைத்துவிட்ட இந்த வேறுபாடு நம் நாக்கில் தினமும் இருக்கிறது. 'ஹியர், தேர், வேர்' என்பது நம் இங்கே, அங்கே, எங்கே. அதே வரிசையில் 'ஹிதர்' என்றால் இங்கே நோக்கி, 'ஹென்ஸ்' என்றால் இங்கிருந்து. மலாயில் 'கெ சினி', 'டாரி சினி' என்று சொல்லும் பிள்ளைக்கு இது ஐந்து நிமிடப் பாடம். 'திதர், தென்ஸ், விதர், வென்ஸ்' நான்கையும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

செந்தூல் வாசகன்:
டீச்சர், நாடகம் சரி. ஆனால் நீங்கள் தொடங்கச் சொல்லும் இடம் தவறு. எல்லாரும் நேராக ஷேக்ஸ்பியரிடம் போகிறார்கள். அங்கே ஆபத்து 'அனோன்' மாதிரித் தெரியாத சொல்லில் இல்லை, அதைத்தான் அகராதியில் பார்த்துவிடுவோமே. தெரிந்த சொல் போலவே நிற்கும் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஹாம்லெட் முதல் அங்கம், நான்காம் காட்சி. இறந்த தந்தையின் ஆவியின் பின்னால் ஹாம்லெட்டைப் போகவிடாமல் நண்பர்கள் பிடித்து இழுக்கிறார்கள். என்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான் ஹாம்லெட். இன்றைய பொருளில் படித்தால், போகவிடுபவனையா கொல்வான்? பழைய ஆங்கிலத்தில் விடுதலுக்கு ஒரு வினை, தடுத்தலுக்கு வேறு ஒரு வினை. ஒலி தேய்ந்து இரண்டும் 'லெட்' என்றே ஆகிவிட்டன. இங்கே இருப்பது தடுத்தல். மாணவன் சந்தேகமே படாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவான்.

அதனால் பின்னோக்கிப் போங்கள். முதலில் 1895இல் அரங்கேறிய ஆஸ்கார் வைல்டின் எர்னஸ்ட் நாடகம். உரைநடை, அங்கே இடறுவது பொருள்களின் பெயர்தான். 'பெராம்புலேட்டர்' என்றால் குழந்தை வண்டி. 'டாக்-கார்ட்' நாய் இழுக்கும் வண்டி இல்லை, குதிரை வண்டி. வேட்டை நாயை வைக்க இருக்கைக்குக் கீழே பெட்டி இருந்ததால் அந்தப் பெயர். அடுத்து 1773இல் வந்த கோல்ட்ஸ்மித்தின் நகைச்சுவை நாடகம், 'ஷி ஸ்டூப்ஸ் டு காங்கர்'. மூன்றாவதாகத்தான் ஷேக்ஸ்பியர்.

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
'லெட்' நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. பூப்பந்தில் ஆட்டம் தடைபட்டால் நடுவர் 'லெட்' என்கிறாரே, அதே சொல். நம் கடப்பிதழிலும் 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று இருக்கிறது. இந்த இரண்டையும் காட்டிவிட்டு ஹாம்லெட்டைத் திறந்தால் பிள்ளை மறக்குமா?

பொருள் மாறிய சொல்லுக்கு நாடகமே விளக்கம் தருவதும் உண்டு. 'பிரசன்ட்லி' அன்று உடனே என்ற பொருளில் வழங்கியது. ஷேக்ஸ்பியரின் டெம்பஸ்ட் நாலாம் அங்கத்தில் மந்திரவாதி பிராஸ்பெரோ தன் ஏவல் ஆவி ஏரியலிடம் ஒரு வேலை சொல்கிறார். 'பிரசன்ட்லி?' என்று ஏரியல் கேட்க, ஆமாம், கண்ணிமைக்கும் நேரத்தில் என்று பதில் வருகிறது. அகராதி எதற்கு?

'தௌ, யூ' பார்க்க ஹாம்லெட் மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி போதும். நீ உன் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டாய் என்கிறாள் தாய், 'தௌ' போட்டு. அவள் சொல்வது புதுக் கணவனை. அம்மா, நீங்கள் என் தந்தையைப் புண்படுத்திவிட்டீர்கள் என்று 'யூ' போட்டுத் திருப்புகிறான். அவன் சொல்வது செத்துப்போன தகப்பனை. அந்த 'யூ'வில்தான் விலகல் தெரிகிறது.

செந்தூல் வாசகன்:
இங்கேதான் தமிழ் நம்மை ஏமாற்றுகிறது. நம் வீட்டில் அம்மாவை நீ என்போம், அதனால் நீங்கள் என்றால் கோபமாகத் தெரிகிறது. அந்தக் காலத்து மேல்குடியில் மகன் தாயை 'யூ' என்பதே வழக்கம். அவன் குத்துவது பிரதிப்பெயரில் இல்லை, அவள் வாக்கியத்தை அப்படியே திருப்பி எறிவதில். உண்மையான மாற்றம் அடுத்த வரியில், தாயிடம். 'தௌ' என்று தொடங்கியவள், வீண் நாக்கால் பதில் சொல்கிறாய் என்று கண்டிக்கும்போது 'யூ'வுக்குத் தாவிவிடுகிறாள். பாசம் அங்கே அறுகிறது.

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
ஒப்புக்கொள்கிறேன், தாயின் வரியைத்தான் காட்ட வேண்டும். நீ, நீங்கள் என்பதைத் தொடக்கப்படியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று கவனித்தீர்களா? அந்த முதல் வரியில் 'உன் தந்தையை' என்பது வினைக்கு முன்னால் வருகிறது. இன்றைய ஆங்கிலம் மட்டும் படித்தவர் தடுமாறும் இந்த வரிசை நமக்கு இயல்பான வரிசை.

ஒப்பந்த எழுத்தர், பட்டர்வொர்த்:
இருவருக்கும் வணக்கம். வீடு வாங்கும் ஒப்பந்தங்களில் 'ஹியர்இன்ஆஃப்டர்', 'தேர்ஆஃப்', 'வேர்ஆஸ்' இன்னும் புழங்குகின்றன. வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அது போதாதா? நாடகம் எதற்கு?

செந்தூல் வாசகன்:
அண்ணே, ஒப்பந்தத்தில் அந்தச் சொற்கள் அச்சு மாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். 'தேர்ஃபோர்' அதனால், 'வேர்ஃபோர்' எதனால் என்ற உறவு அங்கே தெரியாது. மாடத்தில் நிற்கும் ஜூலியட் 'வேர்ஃபோர்' என்று கேட்பதை ரோமியோ எங்கே என்று தேடுவதாக எத்தனை பேர் புரிந்துகொள்கிறார்கள்! அவன் கீழே நிற்பதே அவளுக்குத் தெரியாது. எதனால் நீ ரோமியோவாக, பகைவீட்டுப் பெயரோடு பிறந்தாய் என்பதுதான் கேள்வி.

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
செய்முறை கேட்பவர்களுக்கு: ஒரு தடவைக்கு 100 முதல் 150 வரி, அதற்கு மேல் வேண்டாம். முதலில் ஒலிப்பதிவைக் கேளுங்கள். பிறகு அகராதி இல்லாமல் ஒரு வாசிப்பு, இடறும் சொல்லுக்குக் கீழே கோடு. இரண்டாம் வாசிப்பில் குறிப்புகளைப் பார்த்து எட்டுச் சொல் மட்டும் அட்டையில் ஏற்றுங்கள். தனிச் சொல் எழுதாதீர்கள். முழு வரி, அங்கம், காட்சி, பேசுபவர். செத்த சொல்லுக்கு ஒரு நிறம், பொருள் மாறிய சொல்லுக்கு வேறு நிறம். இரண்டாவது கட்டுதான் அடிக்கடி புரட்ட வேண்டியது.

விகுதியில் வரும் பிழையும் இதனோடு தீரும். 'தௌ'வுக்கு '-எஸ்ட்', 'ஹி, ஷி'க்கு '-எத்'. எல்லாவற்றிலும் '-எத்' ஒட்டினால் பழைய ஆங்கிலம் ஆகிவிடாது. நான் வந்தான் என்று நாம் சொல்வோமா?

செந்தூல் வாசகன்:
பதிப்பையும் சொல்லுங்கள் டீச்சர். பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மேல்மாடியில் பழைய புத்தகக் கடைகளில் ஷேக்ஸ்பியர் முழுத் தொகுப்பு கிடைத்தால் ஆசையாகத் தூக்கிவிடுவார்கள். பக்கத்துக்கு இரண்டு பத்தி, பொடி எழுத்து, பெரும்பாலும் குறிப்பே இருக்காது. ஃபோல்ஜர் பதிப்பில் ஒவ்வொரு நாடகத்துக்கும் வரும் தனி நூலைத் தேடுங்கள், இடப்பக்கம் குறிப்பு, வலப்பக்கம் நாடகம். ஆர்டன் பதிப்பில் குறிப்பு வரிகளுக்கு அடியில் இருக்கும், தொடக்கக்காரருக்கு அது அதிகம். எதிர்ப்பக்கத்தில் முழு நாடகத்தையும் இன்றைய ஆங்கிலத்தில் மாற்றித் தரும் பதிப்பு வேண்டாம், கண் அங்கேயே போய்விடும்.

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
பதிப்பில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் முதல் நாடகம் எர்னஸ்ட் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 'டாக்-கார்ட்' தெரிந்து ஒரு பிள்ளை 'தௌ'வை எப்படிப் பிடிக்கும்? மக்பெத்தில் தொடங்கட்டும். ஷேக்ஸ்பியரின் துன்பியல்களில் அதுதான் மிகச் சிறியது.